சூடு என்றால் தொடாதே, நாளைக்கு என்றால் கிடையாது

எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஈரோட்டில் இப்படி வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மகள் தவழ்கிற வரைக்கும் தொட்டிலும் பாயுமாகச் சமாளித்துவிட்டேன். நடக்கத் தொடங்கியதும்தான் அந்த அறையில் குழந்தை தொடக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், ஊசி டப்பா, மார்க்கிங் சாக், அடுத்தவர் வீட்டுப் பட்டு.

முதலில் இஸ்திரிப் பெட்டிக்குத்தான் "சூடு!" என்றேன். விரலை வெடுக்கென்று இழுத்து, முகத்தைச் சுளித்து, கொஞ்சம் நாடகமும் போட்டேன். நின்றுவிட்டாள். நன்றாக வேலை செய்கிறதே என்று அடுத்த நாள் கத்தரிக்கோலுக்கும் அதையே சொன்னேன். அப்புறம் ஊசி டப்பாவுக்கு. அப்புறம் பட்டு ப்ளவுஸ் துணிக்கு. மிஷினை விட்டு எழுந்திருக்காமலே குழந்தையை நிறுத்த ஒரு சொல் கிடைத்துவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி.

அவளும் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஒருவர் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு பயபக்தியோடு "தூடு" என்றாள். "இந்த விலைக்குச் சூடாத்தான் கண்ணு இருக்கும்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அவளுக்கு ஒன்றே முக்கால் வயதிருக்கும்போது, நான் வாசலில் அளவு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுவிட்டாள். பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன், ஆனால் ஆறவில்லை. இரண்டு விரலில் கொப்புளம். பேஸ்ட் தடவலாம் என்றார் அத்தை. வேண்டாம் என்று குழாயடியில் இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அழுகைக்கு நடுவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ராத்திரிதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. கத்தரிக்கோலை நான் பார்க்காதபோது தொட்டிருப்பாள், ஒன்றும் ஆகவில்லை. பட்டைத் தொட்டிருப்பாள், வழவழவென்று இருந்திருக்கும். அவள் கணக்கில் "சூடு" என்பதற்குச் சுடும் என்று அர்த்தமே இல்லை. "அம்மா பார்க்கும்போது தொடாதே" என்றுதான் அர்த்தம். அகராதியில் உள்ள சூட்டை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. நான் எதற்குப் பயன்படுத்தினேனோ அதைத்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மொழியியல் படித்தவள் நான். படித்து முடித்ததும் கல்யாணம், அப்புறம் தையல். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அப்படியே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு ராத்திரி திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. பார்பரா லாண்டாவும் லைலா க்ளைட்மனும் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு குழந்தையைப் பற்றி எழுதி 1985ல் வெளியிட்ட ஆய்வு. அந்தக் குழந்தையிடம் "மேலே பார்" என்றால் தலையை அசைக்காமல் கையை மேலே தூக்கும். பார்வையுள்ள குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டு அதையே சொன்னால், ஒன்றும் தெரியாது என்றாலும் முகத்தைத்தான் மேலே திருப்பும். பார்வையில்லாத குழந்தைக்குப் பார்ப்பது என்பது கையால் தடவி அறிவது. அதன் வாழ்க்கையில் அந்தச் சொல் செய்கிற வேலை அதுதான். பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் எழுதிய விடை இது. என் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அளவு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்: "சூடு = தொடாதே. தப்பு என்னுது." முன்பக்கம் மார்பளவு, கை நீளம். பின்பக்கம் இவள் சொற்கள். அந்தப் பழக்கம் மூன்று வருடம் ஓடியது.

சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அது உண்மையில் என்ன செய்யுமோ அந்த வினையைச் சொன்னேன். கத்தரி வெட்டும். ஊசி குத்தும். பட்டு அழுக்காகும். இஸ்திரி சுடும். "சூடு" என்பதை நிஜச் சூட்டுக்கு மட்டுமே வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான பால் டம்ளரைக் கையில் கொடுத்து "லேசாச் சூடு" என்பேன். மத்தியானம் மொட்டை மாடித் தரையில் ஒரு நொடி காலை வைக்கச் சொல்லி "அப்பா, சூடு!" என்பேன். குழம்பு ஆவியைத் தள்ளி நின்று காட்டுவேன். உங்கள் வீட்டிலும் இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே வேலியாக ஒரு சொல் இருந்தால் (பல வீடுகளில் அது "பூச்சாண்டி") இன்றைக்கே எண்ணிப் பாருங்கள், எத்தனை பொருளுக்கு அதைச் சொல்கிறீர்கள் என்று.

இரண்டாவது பாடம் கொஞ்சம் வெட்கக்கேடானது. தீபாவளி நெருக்கத்தில் ஒருநாள் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நான்காவது தடவை அறுந்தபோது "சனியன்!" என்றேன். மகள் கீழே உட்கார்ந்து காலி நூல்கண்டு ஒன்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், என் கண் போகிற இடத்தைப் பார்த்தாள், மறுபடி உருட்டப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து மாமனார் வந்து "அம்மா எங்க சாமி?" என்று கேட்டதற்கு, "அம்மா சனியன்ல தைக்குது" என்றாள்.

கையில் நூல்கண்டு இருக்கும்போது காதில் விழுந்த சொல் அது. நூல்கண்டுக்குத்தானே அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்? வைக்கவில்லை. டேர் பால்ட்வின் என்ற உளவியலாளர் 1991ல் இதைத்தான் சோதித்துக் காட்டினார். குழந்தை ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் வேறொரு பொம்மையைப் பார்த்துப் புதுப்பெயர் சொல்வார். ஒன்றரை வயதுக் குழந்தைகளே தலையைத் தூக்கி, சொல்பவர் எதைப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டார்கள்; தன் கையிலிருந்த பொருளுக்கு அந்தப் பெயரை ஒட்டவில்லை. காதில் விழுகிற சத்தத்தைக் கண்ணில் படுகிற பொருளோடு கண்மூடித்தனமாகக் கட்டிவிடுவதில்லை. இவங்க எதைச் சொல்றாங்க என்று யோசிக்கிறார்கள்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. புதுச்சொல் ஒன்றைச் சொல்லும்போது மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பொருளையே பார்த்துச் சொல்வது. அதைவிட லேசான வழி, அவள் எதைப் பார்க்கிறாளோ அதற்குப் பெயர் சொல்வது. அவள் ஜன்னல் வழியாக அணிலைப் பார்க்கும்போது நான் வாழைப்பழப் படத்தை நீட்டி "பழம் சொல்லு, பழம்" என்று கெஞ்சினால் இரண்டு வேலை அவள் தலையில் விழுகிறது. அணிலை விட வேண்டும், அப்புறம் பழத்துக்கு வர வேண்டும். அணில் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. போனைப் பார்த்துக்கொண்டே "ம்ம், அது மாடு" என்பதால் ஏன் பிரயோசனமில்லை என்பதற்கும் இதுதான் காரணம். நம் கண் மாட்டின்மேல் இல்லை. அது குழந்தைக்குத் தெரியும்.

மிஷின் மறுபடி "மிஷின்" ஆக மூன்று வாரம் ஆனது. மாமனார் இன்னும் விடவில்லை.

இரண்டரை வயதில் ஒருநாள் சமையலறையிலிருந்து "அந்த வடிகட்டி எடுத்துட்டு வா கண்ணு" என்றேன். வாய் தவறிச் சொன்னது. அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. கீழ்த்தட்டில் டம்ளரும் கரண்டியும் டீ வடிகட்டியும் இருந்தன. கொஞ்ச நேரம் நின்றாள். வடிகட்டியோடு வந்தாள். டம்ளர் தெரியும், கரண்டி தெரியும், அப்படியானால் தெரியாத சொல் தெரியாத பொருளுக்குத்தான். எவ்வளவு அழகான தர்க்கம்! வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்ன?" என்றேன். திருதிருவென்று விழித்தாள். "வடிகட்டி எங்க?" என்று கேட்டாலும் தெரியவில்லை.

இதிலும் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருந்திருக்கிறது. 1978ல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இரண்டு தட்டைக் காட்டி, "குரோமியம் தட்டைக் கொண்டுவா, நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டு" என்றார்கள். குரோமியம் என்று அவர்கள் சொன்னது ஆலிவ் பச்சையை. குழந்தைகள் சரியாகக் கொண்டுவந்தார்கள். ஒரே தடவை கேட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பாடத்தில் படித்து வியந்தது நினைவிருந்தது. ஆனால் அது தொடக்கம் மட்டுமே, முழு அர்த்தமும் படிய நாளாகும் என்று கேரியே சொல்லியிருந்ததை மறந்துவிட்டேன். 2008ல் இரண்டு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் கறாரானது. புதுச்சொல்லுக்குச் சரியான பொருளை எடுத்துக்கொடுத்த குழந்தைகள் ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது அதை மறந்திருந்தார்கள். கழித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஒன்று, நினைவில் நிற்பது வேறு.

ஆகவே வடிகட்டியை நாலைந்து நாள் வேறு வேறு வேலையில் நுழைத்தேன். டீயை வடிகட்டினோம். எலுமிச்சைச் சாற்றை வடிகட்டினோம். மண் கலந்த தண்ணீரை அவளே பழைய துணியில் வடிகட்டினாள். ஒரு வாரம் கழித்துக் குளியலறை ஜாலியைக் காட்டி "பெரிய வடிகட்டி" என்றாள். அப்போதுதான் சொல் அவளுடையது ஆகிவிட்டது என்று தெரிந்தது. "இது என்ன? இது என்ன?" என்று பரீட்சை வைப்பதை அதோடு விட்டுவிட்டேன். தப்பான இடத்திலாவது அவளாகவே அந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்கிறாளா என்பதைத்தான் இப்போது கவனிக்கிறேன்.

இந்தக் கழித்தல் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. மூன்று வயதில் பக்கத்துத் தெரு ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். அங்கே சுவரில் விலங்குகள் சார்ட். அதில் வெள்ளையாக, புசுபுசுவென்று ஒரு டாக். எங்கள் தெருவில் இருப்பது நாய். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னதும் சண்டைக்கு வந்துவிட்டாள். "இல்ல! அது டாக். இது நாய்!" ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தானே இருக்க முடியும்? பெயர் வேறானால் பொருளும் வேறு. பக்கத்து வீட்டுக்கு வெள்ளைப் பொமரேனியன் ஒன்று வந்தபோது "டாக்!" என்று குதித்தவள், அது குரைத்ததும் என்னிடம் ஓடிவந்து ஆச்சரியத்தோடு சொன்னாள்: "அம்மா, டாக் நாய் மாதிரியே கத்துது."

"நாய்க்கு இங்கிலீஷ்ல டாக்" என்று பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். இங்கிலீஷ் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? ஆளை வைத்துச் சொன்னபோதுதான் நகர்ந்தது. "இதை அப்பாரு நாய்ன்னு சொல்லுவாரு, மிஸ் டாக்ன்னு சொல்லுவாங்க." ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கூப்பிடலாம் என்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த பத்து நாள் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் காட்டி "இதை மிஸ் என்ன சொல்லுவாங்க?" என்று குடைந்தெடுத்துவிட்டாள்.

இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும், ஒன்றை நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்ல எப்போதும் யாராவது இருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். 2009ல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒன்றரை வயதுக் குழந்தைகளில் ஒரே மொழி கேட்டு வளர்ந்தவர்கள் புதுச்சொல் காதில் விழுந்ததும் பெயர் தெரியாத பொருளைப் பார்த்தார்கள். இரண்டு மொழி கேட்டவர்களிடம் அந்தப் பழக்கம் தளர்ந்திருந்தது. மூன்று மொழி கேட்டவர்களிடம் காணவே இல்லை. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்கிற விதியைத் தன் வீட்டு நிலவரத்துக்கு ஏற்றபடி குழந்தையே தளர்த்திக்கொள்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு மூன்று வயதுவரை தமிழ் மட்டும்தான். அதனால்தான் அவ்வளவு வாதாடினாள் போலும். எதையும் நிறுத்தவில்லை.

உறவுச் சொல்லில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் ஒரு வாரம் முழுக்க என்னை "அக்கா" என்றே கூப்பிட்டாள். பெற்ற வயிறு எரிந்தது. யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வாசலில் "ஏனுங்க அக்கா, ப்ளவுஸ் ஆச்சுங்களா?" என்ற குரல்தான். என்னை அம்மா என்று கூப்பிட வீட்டில் அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? தன்னிடம் நேராகச் சொல்லாமல் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சொற்களையும் இரண்டு வயதுக் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்று 2001லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை. அத்தையிடமும் கணவரிடமும் சொல்லி, அவள் காது கேட்க "அம்மாவக் கூப்பிடு", "அம்மாகிட்ட குடு" என்று பேச வைத்தேன். நாலு நாளில் பதவி திரும்பக் கிடைத்தது. என் அம்மா வீட்டில் வேறு கூத்து. அம்மாயி இவளை "சாமி, சாமி" என்றுதான் கொஞ்சுவார். "சாமி கும்பிடு சாமி" என்று ஒருநாள் சொன்னதற்கு, இவள் பீரோக் கண்ணாடி முன் போய் நின்று கும்பிட்டாள்.

"என்னை இறங்கு" என்பது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஓடியது. இறக்கிவிடு என்று அர்த்தம். "வண்டியை ஓடு" என்பாள், ஓட்டு என்பதற்கு. இலக்கணப் பிழை என்று திருத்தப் போனேன். அப்புறம் பார்த்தால் அவள் செய்வதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. செய்பவர் ஒருவர், செய்யப்படுவது ஒன்று என்று இரண்டு பேரை வாக்கியத்தில் வைத்துவிட்டால், வினை தானாகப் பிறவினை ஆகிவிடும் என்று நினைக்கிறாள். கன்னடம் பேசும் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து அதே லைலா க்ளைட்மனும் மற்ற இருவரும் செய்த ஆய்வு 2003ல் வந்தது. வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பொம்மை விலங்குகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். கன்னட வினையில் 'செய்யவைத்தல்' என்பதைக் காட்ட ஒரு விகுதி உண்டு. குழந்தைகள் அந்த விகுதியைவிட, வாக்கியத்தில் எத்தனை பெயர்ச்சொல் இருக்கிறது என்பதைத்தான் நம்பினார்கள். இரண்டு பெயர் இருந்தால் ஒன்று மற்றொன்றைச் செய்யவைக்கிறது என்று நடித்தார்கள். நமக்கு அடுத்த வீட்டு மொழி. "என்னை இறங்கு"க்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. "தப்பு, இறக்குன்னு சொல்லு" என்று நிறுத்தாமல், "சரி, இறக்கிவிடறேன்" என்று சொல்லிக்கொண்டே இறக்கிவிட்டேன். மூன்றரை வயதில் தானாகவே மாறிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தப்பாகச் சொல்வது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை; சொல்லாமலே இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் உறவில் ஒரு பையன் இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. "ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்று ஊரே சொன்னது. கடைசியில் பார்த்தால் காதுக்குள் நீர் கோத்திருந்தது. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை என்றாலோ, இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றாலோ, முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். காத்திருந்து பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கடைசியாக "நாளைக்கு". தையற்காரர் வீட்டுக் குழந்தைக்கு இந்தச் சொல் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "நாளைக்கு வாங்க, ரெடியாயிரும்." அவர்கள் முகம் வாடித் திரும்பிப் போவார்கள். மறுநாள் வந்தால் மறுபடி "நாளைக்கு". போதாததற்கு அவள் ஐஸ் கேட்டால் நானும் "நாளைக்கு". மூன்று வயதில் ஒருநாள் சாதத் தட்டை நீட்டினேன். கையால் தள்ளிவிட்டு "நாளைக்கு" என்றாள். குளிக்கக் கூப்பிட்டால் "நாளைக்கு". பட்டென்று முடியாது என்று சொல்லக்கூடாது, மரியாதையாகச் சொல்ல ஒரு சொல் என்று வைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் சூடு கதைதான்.

நேற்று என்றால் போனது, நாளை என்றால் வரப்போவது என்கிற திசைதான் குழந்தைகளுக்கு முதலில் பிடிபடுகிறது. எத்தனை நாள் தள்ளி என்ற அளவு அதற்குச் சில வருடம் கழித்தே வருகிறது. என் மகளுக்கோ திசையே கிடைக்கவில்லை, ஏனென்றால் எங்கள் கடையில் நாளைக்கு என்பது வந்ததே இல்லை. அதனால் வரவைத்தேன். சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறது. "இன்னைக்குத் தாளு இது. ராத்திரி தூங்கி எந்திரிச்சதும் நீ கிழிப்பே. அப்ப நாளைக்கு வந்துரும், நாளைக்கு ஐஸ்" என்றேன். மறுநாள் அவள் தாளைக் கிழித்த கையோடு கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன். அடுத்து, நாளைக்கு அம்மாயி வீடு என்றேன், போனோம். வாங்கித் தர முடியாததற்கு "நாளைக்கு" என்பதை விட்டுவிட்டு "கிடையாது" என்று நேராகவே சொன்னேன். அழுதாள், பரவாயில்லை. பத்துப் பதினைந்து நாளில் சாதத் தட்டுக்கு "நாளைக்கு" வருவது நின்றது. "வேண்டாம்" என்று நேராகவே சொல்லத் தொடங்கினாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், ஓவர்லாக் அடிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், நாற்காலிமேல் ஏறிக் காலண்டர் பக்கத்தில் நிற்கிறாள். தரையில் நாலு தாள் கிடக்கிறது. "நாளைக்கு வந்துருச்சும்மா, ஐஸ் குடு" என்றாள். அன்றைக்குப் புதன்கிழமை. எங்கள் வீட்டுச் சுவரில் ஞாயிறு. சனிக்கிழமை கொடுக்க வேண்டிய இரண்டு ப்ளவுஸை நான் இன்னும் வெட்டவே இல்லை.